சுகம் கிடைக்காதவர்களின் சாட்சி

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கன்வென்ஷன் கூட்டங்களில் சாட்சி சொல்வதற்கு, அதாவது கடவுள் தமக்குச் செய்ததை மேடையேறிச் சொல்வதற்கு, எழுதப்படாத ஓர் இலக்கணம் உண்டு. நோய் வந்தது, மருத்துவர்கள் கைவிரித்தார்கள், சபை ஊழியர் தலையில் கைவைத்து ஜெபித்தார், சுகம் கிடைத்தது. இந்த நான்கில் கடைசியானது இல்லாதவரை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. சுகம் பெற்றவர்களின் சாட்சிகளைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். அவற்றைப் பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பல ஆண்டுகள் வாலிபர் ஐக்கியத்தை நடத்தியபோது, அந்தச் சாட்சிகள் வாசிக்கப்படும் வேளையில் கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த ஒருவனை நான் கவனிக்க வேண்டியிருந்தது.

அவன் இடது காலில் காலிப்பர் என்னும் தாங்குகருவி அணிந்து நடப்பவன். ஒவ்வொரு எழுப்புதல் கூட்டத்திலும், சுகம் வேண்டுவோர் முன்னால் வாருங்கள் என்று அழைப்பு விடுக்கப்பட்டதும் ஏதாவதொரு பெரியவர் அவன் தோளைத் தட்டி எழுப்பிவிடுவார். அவனும் போவான், ஜெபிப்பார்கள், திரும்பி வருவான். ஒருமுறை செய்தி கொடுக்க வந்த விருந்தினர் ஒருவர், விசுவாசம் போதவில்லை தம்பி என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டார். அடுத்த இரண்டு மாதங்கள் அவன் கூட்டத்துக்கு வரவில்லை.

அவன் திரும்பி வந்த பிறகு, ஒரு ஞாயிறு மாலை, ஆலயத்தின் பின்னறைச் சுவரில் நிக் வுஜிசிக் பேசும் காணொளியைப் போட்டுக் காட்டினேன். அவர் 1982 டிசம்பர் 4 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், செர்பியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு, இரு கைகளும் இரு கால்களும் இல்லாமல் பிறந்தவர். இடுப்பின் இடப்புறத்தில் ஒரு சின்னஞ்சிறு பாதம் உண்டு. அதை அவரே கோழிக்கால் என்று கேலி செய்வார். மேசைமேல் நின்று பள்ளிப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருப்பவர், நடுவில் வேண்டுமென்றே முகம் குப்புற விழுவார். விழுந்தபடியே பேச்சைத் தொடர்வார். கைகால் இல்லாத ஒருவன் எப்படி எழுந்திருப்பான் என்று கேட்டுவிட்டு, நெற்றியைப் புத்தகம் ஒன்றின்மீது ஊன்றி, கழுத்தையும் முதுகையும் வளைத்து, உடம்பைக் கொஞ்சங்கொஞ்சமாக இழுத்துக்கொண்டு எழுந்து நிற்பார். அந்தச் சில நொடிகளில் எங்கள் பின்னறையில் மின்விசிறியின் சத்தம் மட்டுமே கேட்டது.

நான் அடிக்கடி நிறுத்தி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். பத்து வயதில் உயிரை விட்டுவிட முயன்றதையும், தன் கல்லறையருகே பெற்றோர் அழுது நிற்பதாக மனக்கண்ணில் தோன்றியதால் பின்வாங்கியதையும் அவர் சொன்ன இடத்தில் எனக்குக் குரல் சற்றுத் தடுமாறியது. பிறகு யோவான் சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்துக்கு வந்தார். பிறவிக் குருடனைப் பார்த்த சீஷர்கள், இது யார் செய்த பாவம், இவன் செய்ததா, இவனைப் பெற்றவர்கள் செய்ததா என்று இயேசுவிடம் கேட்கிறார்கள். இருவர் செய்ததும் அல்ல என்கிறார் அவர். பதினைந்தாம் வயதில் அந்தப் பகுதியை வாசித்தபோதுதான் தம் வாழ்க்கையைக் கடவுளிடம் ஒப்படைத்ததாக நிக் சொல்வார். இந்த இடத்துக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. என்ன பாவம் செய்தாளோ, இப்படியொரு பிள்ளை என்ற பேச்சு, முற்பிறவியை ஒப்புக்கொள்ளாத கிறிஸ்தவ வீடுகளிலும் நம் தெருக்களில் சரளமாகப் புழங்குவதுதானே.

நிக் தம் பதினேழாம் வயதில் ஒரு சிறு ஜெபக் குழுவில் பேசத் தொடங்கினார். அவரைப் பேசும்படி தூண்டியவர் அவர் படித்த பள்ளியின் துப்புரவுப் பணியாளர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 2005இல் தமக்கென ஓர் ஊழியத்தைத் தொடங்கினார், 2012இல் திருமணம் செய்துகொண்டார், இன்று நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

அதே வரிசையில், அவருக்கு ஒரு தலைமுறை முந்தியவர் அமெரிக்காவின் ஜோனி எரெக்சன் டாடா. 1967 ஜூலை 30 அன்று, தம் பதினேழாம் வயதில், செசபீக் விரிகுடாவில் ஆழம் தெரியாமல் தலைகீழாகக் குதித்ததில் கழுத்தெலும்பு முறிந்து, தோளுக்குக் கீழே செயலிழந்தவர். பல்லிடுக்கில் தூரிகையைக் கவ்வி ஓவியம் வரையக் கற்றுக்கொண்டார். 1979இல், உடல் ஊனமுற்றோருக்கான ஊழியத்தைத் தொடங்கினார். சுகம் வேண்டி அவரும் போயிருக்கிறார். அந்நாளில் பெயர்பெற்றிருந்த காத்ரின் குல்மனின் சுகமளிக்கும் கூட்டத்தில், நிகழ்ச்சி முடியுமுன்பே, நெரிசலைத் தவிர்ப்பதற்காகச் சக்கர நாற்காலிக்காரர்களையெல்லாம் முதலில் வெளியே அழைத்துச் சென்றுவிட்டார்களாம். மின்தூக்கிக்காக வரிசையில் காத்திருந்தவர்களில் ஒருத்தியாக, வந்தபடியே திரும்பிப் போகும் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை ஜோனி பலமுறை விவரித்திருக்கிறார். பிரசங்கம் கேட்கும் பழக்கமுள்ள எவருக்கும் அந்த மின்தூக்கி வாசல் எளிதில் மறக்காது. பிற்காலத்தில் எருசலேமில், இயேசு ஒரு நோயாளியைக் குணமாக்கியதாக யோவான் சுவிசேஷம் சொல்லும் பெதஸ்தா குளத்தருகே நின்று, இல்லை என்று கிடைத்த பதிலுக்காகவே அவர் நன்றி சொன்னார். ஆனால் விபத்துக்கும் அந்த நன்றிக்கும் இடையே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன என்பதை இளைஞர்களிடம் சொல்லும்போது நாம் விழுங்கிவிடக் கூடாது.

இங்கே எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. கைகால் இல்லாதவரே இப்படிச் சிரித்துக்கொண்டிருக்கிறார், உனக்கென்ன குறை என்று பிள்ளைகளைக் கண்டிப்பதற்கே பல பெற்றோர் நிக்கின் காணொளியைப் பகிர்கிறார்கள். தேர்வில் தோற்ற பெண்ணுக்கோ, வீட்டில் தினமும் அடி வாங்கும் பையனுக்கோ அது ஆறுதல் ஆகாது. நீ துக்கப்படவும் தகுதியற்றவன் என்று சொல்வதாகவே போய்விடும். நிக்கின் பேச்சு அப்படிப்பட்டதல்ல. கேட்பவரின் வலியைத் தம் வலியோடு தராசில் வைத்து அவர் நிறுப்பதில்லை. தமக்குக் கேட்டது கிடைக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறார், அவ்வளவுதான். ஒரு வாலிபன் காதுகொடுப்பது அந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். அவனும் எதையோ கேட்டு, கிடைக்காமல், அதை வெளியே சொன்னால் விசுவாசக் குறைவு என்பார்களே என்று வாய்மூடி உட்கார்ந்திருப்பவன்.

கிடைக்கவில்லை என்பதால் நிக் கேட்பதை நிறுத்திவிட்டாரா என்றால், அதுவும் இல்லை. ஒருவேளை அற்புதம் நடந்தாலும் நடக்கலாம் என்று தம் அலமாரியில் ஒரு ஜோடி ஷூ வைத்திருப்பதாக அவர் சொல்வதுண்டு. அன்றைய மாலை நான் மொழிபெயர்த்த கடைசிப் பகுதி அதுதான்.

விளக்கைப் போட்டதும் யாராவது கேள்வி கேட்கிறீர்களா என்றேன். வழக்கமாகக் கை தூக்குகிறவர்கள் எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து அவன்தான் கேட்டான்: “அண்ணே, அந்த ஷூவை என்ன சைஸ்ல வாங்கி வச்சிருப்பாரு?”

முதலில் சிரித்தவன் அவனே. பிறகு அறை முழுவதும் சிரித்தது.