உமிக்குள் இருந்த கங்கு

மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஓர் அரிசி ஆலையில் மின்பராமரிப்புப் பணிக்குச் சேர்ந்தபோது, என் பொறுப்பில் 6 கிலோ உலர்தூள் தீயணைப்பான்கள் ஏழும், பேனல் அறைக்கான கரியமில வாயுத் தீயணைப்பான் ஒன்றும் ஒப்படைக்கப்பட்டன. மாதம் ஒருமுறை அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பார்த்து, தொங்கும் அட்டையில் கையெழுத்திடுவதோடு என் கடமை முடிந்தது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

குறுவை நெல் வந்து குவிந்திருந்த ஒரு மாலையில், பாய்லர் அடுப்பின் வாயிலிருந்து விழுந்த கங்கு பக்கத்து உமிக் குவியலைப் பற்றிக்கொண்டது. நான் தூள் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஊசியை உருவி, குவியலை ஒட்டி நின்றபடி பிடியை முழு வலுவோடு அழுத்தினேன். சீறி வந்த தூள் தீயின் மேல் படிவதற்கு முன் உமியையே வாரி இறைத்தது. எரிந்துகொண்டிருந்த உமி பறந்துபோய், அடுக்கி வைத்திருந்த வெற்றுச் சாக்குகளின் மேல் விழுந்தது. "தம்பி, எட்ட வாங்க, எட்ட நின்னு அடிங்க" என்று பாய்லர் பார்க்கும் அண்ணன் கத்தியது காதில் விழுந்து நான் பின்வாங்குவதற்குள் பாதித் தூள் போய்விட்டது. அந்த அளவு சிலிண்டர் மொத்தமாகவே 15 முதல் 20 நொடிகள்தான் வரும் என்பதை அன்றுதான் உடம்பால் அறிந்தேன். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, வெளியேறும் வழி முதுகுக்குப் பின்னாலும் காற்று பின்புறத்திலிருந்து வீசுமாறும் நின்று, சுவாலையை விட்டுவிட்டு அதன் அடியைக் குறிவைத்து, இடமும் வலமுமாக வீசியபடி மெல்ல முன்னேற வேண்டும். மீதித் தூளை அப்படி அடித்ததில்தான் சாக்குகள் தப்பின.

உமித் தீயும் அணைந்தது போலத்தான் தெரிந்தது. இரவு ஒன்பது மணிக்கு அதே குவியலிலிருந்து மறுபடி புகை கிளம்பியது. தூள் மேற்பரப்பில் படிந்து சுவாலையை அடக்குமே தவிர, உள்ளே கனன்றுகொண்டிருக்கும் கங்கைக் குளிர்விக்காது. அண்ணன் குவியலை மம்பட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பரப்பச் சொல்லி, குழாய் நீரைப் பீய்ச்சாமல் தூறலாகத் தெளிக்கவைத்தார். விடியும்வரை கிளறிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கரியமில வாயுத் தீயணைப்பானில் அழுத்தமானியே கிடையாது. வாயு இருக்கிறதா என்பதை எடை போட்டுத்தான் அறிய முடியும். நானோ அதன் அட்டையிலும் மாதந்தோறும் 'முள் சரி' என்று எழுதிவந்திருக்கிறேன். அதைப் படித்து மேலொப்பமிட்டவர்களும் இருந்தார்கள். பேனலில் தீப்பிடித்தால் முதலில் மெயினை நிறுத்த வேண்டும், வாயு வெளிவரும்போது கூம்பைக் கையால் பிடித்தால் கடுங்குளிரில் தோல் வெந்துவிடும், மூடிய அறைக்குள் அந்த வாயு மூச்சையே அடைக்கும் என்பதால் வாசலில் நின்றே அடிக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் அதன் பிறகுதான் கற்றேன்.

அன்று எனக்கு இருந்த பெரிய அச்சம் பாய்லருக்குப் பக்கத்திலிருந்த கீற்றுச் சார்ப்பைப் பற்றியது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் தொடங்கிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனதை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கூரையில் பற்றிய தீக்கு முன்னால் 6 கிலோ தூள் ஒன்றுமில்லை; ஆட்களை வெளியேற்றிவிட்டு 101-ஐ அழைப்பதுதான் அப்போது செய்யக்கூடியது. அந்தச் சார்ப்பை மறுவாரமே பிரித்துத் தகரம் போட்டார்கள்.

ஆனால் கொஞ்சம் தூள் மிச்சமிருந்த சிலிண்டரை நான் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டேன். வால்வில் சிக்கிய தூள் வழியே அழுத்தம் கசிந்து, அடுத்த மாதம் பார்க்கும்போது முள் பூஜ்யத்தில் கிடந்தது.