சத்தம் வருது, படம் வரல

எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கம் டிவி பழுதானால் பழி மின்னல் மேல்தான் விழும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரமானால் மலைக்கு மேலே இடி உருட்டத் தொடங்கும், டிஷ் வயரைக் கழற்றிப் போடாதவர்கள் பாடு திண்டாட்டந்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மின்னல் அடித்த டிவி பெரும்பாலும் மொத்தமாகப் போய்விடும், சிவப்பு லைட்கூட எரியாது. நாடகத்தில் மாமியார் கத்துவது தெளிவாகக் கேட்கிறது, ரிமோட்டை அமுக்கினால் சத்தம் கூடிக் குறைகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை.

மஸ்கெலியாப் பக்கம் மேல் டிவிசனில் இருக்கும் பெரியம்மா வீட்டு 32 அங்குல டிவிக்கு வந்த நோய் இதுதான். "படந்தான் வரல தம்பி, சத்தமெல்லாம் கணீர்னு இருக்கு" என்று போனில் சொன்னார். அதற்கு முன்பே திரீவீலில் ஏற்றி டவுனுக்குக் கொண்டு போய், ஒரு கடையில் "பேனல் போச்சு, புதுசு எடுக்கிறதுதான் லாபம்" என்ற தீர்ப்பையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். மூடியைக்கூடக் கழற்றாமல் சொன்ன தீர்ப்பு. எனக்கு எரிச்சல் அதில்தான். பேனல், அதாவது படம் காட்டும் கண்ணாடித் திரை, போனதா பேக்லைட் போனதா என்று பார்க்க ஒரு டோர்ச் போதுமே.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டிவியை ஆன் செய்து, அறையை இருட்டாக்கி, டோர்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் கொஞ்சம் சாய்வாகப் பிடியுங்கள். வெளிச்சம் விழும் இடத்தில் மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனலும் மெயின் போர்டும் நன்றாக இருக்கின்றன, பின்னால் விளக்கு மட்டும் எரியவில்லை என்று அர்த்தம். ரிமோட்டில் மெனுவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் சுலபம், எழுத்து நகராமல் நிற்கும். பெரியம்மா வீட்டு டிவியில் வால்யூம் கோடு அப்படியே தெரிந்தது.

எல்சிடி திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் அலுமினியப் பட்டிகளில் வெள்ளை எல்இடிகள் வரிசையாக இருக்கும், அவற்றின் வெளிச்சத்தைத்தான் திரை வடிகட்டிப் படமாகக் காட்டுகிறது. நிறைய டிவிகளில் இந்த எல்இடிகள் எல்லாமே ஒரே தொடராக இணைக்கப்பட்டவை. கோயில் திருவிழாவுக்குக் கட்டும் பழைய சீரியல் பல்ப் மாதிரி, ஒன்று அறுந்தால் மொத்தமும் இருட்டு. ஆன் செய்ததும் ஒரு விநாடி படம் பளிச்சிட்டு அணைகிறதென்றாலும் இதே குடும்பத்து வியாதிதான், தொடரில் கோளாறு இருப்பதை உணர்ந்து, எல்இடிகளுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் தன்னையே நிறுத்திக்கொள்கிறது.

இந்த எல்இடிகளைக் கொல்வது பெரும்பாலும் சூடு. கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகப் பேக்லைட்டை உச்சத்தில் வைத்தே விற்கிறார்கள், நாமும் அதைத் தொடுவதில்லை. மலைநாட்டுக் குளிரில் டிவி எங்கே சூடாகும் என்று கேட்பீர்கள். வெளியே குளிர்தான். ஆனால் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அறையில் டிவியைச் சுவரோடு ஒட்டி வைத்து, மேலே அழகுக்குப் பின்னல் துணி ஒன்றை விரித்து, விறகடுப்புப் புகை வேறு சேர்ந்தால் பின்பக்கத் துவாரங்கள் என்ன ஆகும்? பின் மூடியைக் கழற்றியபோது விரலில் ஒட்டும் மாதிரிப் புகைக்கரி படிந்திருந்தது, ஒரு மூலையில் பல்லி முட்டை ஓடு.

மூடியைக் கழற்றியதும் கையை நீட்டிவிடாதீர்கள். 230 வோல்ட் கரண்டைச் சீராக்கினால் கிட்டத்தட்ட 325 வோல்ட், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் நிற்கும். அது இறங்கிவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. அப்புறம் பேக்லைட்டுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி எல்இடி டெஸ்டரைப் பிடித்தேன். எரியவில்லை. டிரைவர் பக்கம் ஆன் செய்ததும் வோல்ட் ஏறி உடனே விழுந்தது. கோளாறு போர்டில் இல்லை, பட்டியில்.

இனித்தான் பயப்பட வேண்டிய கட்டம். பட்டிகளைத் தொட வேண்டுமானால் கண்ணாடிப் பேனலைத் தூக்க வேண்டும். அதன் ஓரத்தில் தொங்கும் மெல்லிய ரிப்பன்களில் ஒன்று மடிந்து கிழிந்தால் திரையில் கோடு விழும், அந்தக் கடைக்காரர் சொன்னது அப்போது உண்மையாகிவிடும். தனியாளாகச் செய்யாதீர்கள். நான் ஒரு பக்கம், பெரியம்மாவின் பேரன் ஒரு பக்கம், மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கிக் கட்டில் மெத்தையில் விரித்த சுத்தமான துணியில் வைத்தோம். அதற்கடியில் இருக்கும் வெள்ளைத் தகடு, மினுங்கும் தாள்கள் எல்லாம் எந்த வரிசையில், எந்தப் பக்கம் மேலாக இருந்தன என்பதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் வெளிச்சம் திட்டுத்திட்டாக விழும். கைரேகையும் பட்டுவிடக் கூடாது.

இரண்டு பட்டி, ஒவ்வொன்றிலும் ஆறு எல்இடி. டெஸ்டரை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனால், இரண்டாவது பட்டியில் ஒன்று மட்டும் மௌனம். அதன் மேல் மூடியிருக்கும் லென்ஸை நெம்பி எடுத்துப் பார்த்தால் மஞ்சள் பொட்டின் நடுவில் ஊசி முனை அளவு கறுப்புப் புள்ளி. அவ்வளவு பெரிய டிவியை மூலையில் உட்கார வைத்தது அந்தப் புள்ளிதான்.

அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன என்று பேரன் கேட்டான். மாற்றலாம். ஆனால் மற்றவையும் அதே சூட்டில் அதே காலம் வெந்தவைதானே, அடுத்தது போகும்போது மறுபடி பேனலைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. பட்டிகளைச் சோடியாகவே மாற்றிவிடுங்கள். வாங்கும்போது பழைய பட்டியின் பின்னால் அச்சடித்திருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். நீளம், எல்இடி எண்ணிக்கை, கனெக்டர் மட்டும் ஒத்துப்போனால் போதாது, ஓர் எல்இடிக்கு 3 வோல்ட்டா 6 வோல்ட்டா என்பதும் ஒத்துப்போக வேண்டும். இதில் 6 வோல்ட், பன்னிரண்டுக்கும் சேர்த்து 72. டவுனில் கிடைக்கவில்லை, கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து தெரிந்த ஒருவர் மூலம் எடுப்பித்தேன். புது டிவி விலையோடு வைத்துப் பார்த்தால் அந்தப் பட்டிகளின் விலை ஒன்றுமே இல்லை.

புதுப் பட்டி ஒட்டும் இடத்தைத் துடைத்துச் சுத்தமாக்கி, முழு நீளத்துக்கும் அழுத்தி ஒட்டுங்கள். தூக்கிக்கொண்டு நின்றால் சூடு பின் தகட்டுக்கு இறங்காது. எல்லாவற்றையும் மூடுவதற்கு முன் ஒருமுறை எரிய விட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

படம் வந்தது. பேக்லைட்டை 60க்கு இறக்கி வைத்தேன். மெனுவில் பிரைட்னஸ் என்று தனியாக ஒன்று இருக்கும், நிறைய டிவிகளில் அதைக் குறைத்தால் கறுப்புத்தான் இன்னும் கறுப்பாகும், எல்இடிக்கு ஓய்வு கிடைக்காது. குறைக்க வேண்டியது பேக்லைட்டை. பெரியம்மாவுக்குத் திருப்தி, பின்னல் துணியையும் எடுத்து மடித்து வைத்துவிட்டார். பேரன்தான் கிரிக்கெட் மேட்ச் அன்றைக்கு மறுபடி 100க்கு ஏற்றிவிடுவான் போலிருக்கிறது. அந்த ஒரு செட்டிங்கை மட்டும் பூட்டி வைக்க வழி தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.