தரங்கம்பாடிக்கு இரண்டு டிக்கெட்

நவம்பர் 2, ஞாயிறு

அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். இரண்டு நாளைக்கு மேல் கூடாதாம், கடலை ஒட்டி அறை கூடாதாம். தரங்கம்பாடி என்று மட்டும்தான் சொன்னேன். பொறையாறு என்ற பேரை எடுத்தால் "அங்கே இப்போது யார் இருக்கிறார்கள்?" என்று ஆரம்பித்துவிடுவாள். அங்கே போன பிறகு பார்த்துக்கொள்ளலாம். பக்கத்து ஊர்தானே.

நவம்பர் 3

மொத்தச் செலவு ஆறாயிரம். தம்பி பணம் அனுப்புகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த ஒன்றையாவது நான் செய்கிறேன்.

நவம்பர் 4

இரவெல்லாம் அறை தேடினேன். கோட்டைக்கு எதிரே, பழைய கலெக்டர் பங்களாவை விடுதியாக்கியிருக்கிறார்களே, அதன் தாழ்வாரப் படத்தை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ. மழைக்காலத் தள்ளுபடி போக மீதியைக் கட்டினாலும் நாங்கள் இருவரும் பட்டினிதான் கிடக்க வேண்டும். அதோடு, அது கடலை ஒட்டித்தான் இருக்கிறது. டிசம்பர் பாதியில் வெளியூர்க் கூட்டம் வர ஆரம்பித்தால் சாதாரண லாட்ஜ்கள்கூட விலையை ஏற்றிவிடும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் நம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. காரைக்காலில் அறை மலிவு. ஆனால் சாராயக்கடைக்கு வருகிற கூட்டமும் அங்கேதான் தங்கும், அம்மாவோடு எப்படி? எல்லாக் கணக்குக்கும் ஒத்துவருவது திருக்கடையூர். பஸ்ஸில் சிறிது நேரம்தான். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் வருகிறவர்களை நம்பித் தெருத்தெருவாக விடுதி கட்டி வைத்திருக்கிறார்கள்.

காலையில் சொன்னேன். "அங்கே தங்கமாட்டேன்" என்றாள். அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பா போனபோது அவருக்கு ஐம்பத்தொன்பது.

நவம்பர் 6

1845-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றபோது வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்குக் கொடுத்தார்களாம். 1620-இல் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டிய கோட்டை, மாளிகைகள், தெருக்கள் எல்லாம் அதில் அடக்கம். மழைக்காலத்தில் விலை பேசியிருப்பார்கள்.

நவம்பர் 7

தம்பியிடம் போக அம்மாவுக்கு விசா: பரிசீலனையில்.

நவம்பர் 9, ஞாயிறு

உழவனா, சோழனா? உழவன் இரவு ரயில், ஓர் இரவு அறை வாடகை மிச்சம். ஆனால் விடிவதற்கு முன்பே மயிலாடுதுறையில் இறக்கிவிடும். மழையில், இருட்டில், அம்மாவின் முழங்காலை வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார முடியாது. சோழன் பகல் வண்டி. இரண்டாம் வகுப்பு இருக்கைதான் என்றாலும் செங்கல்பட்டு ஏரியிலிருந்து கொள்ளிடம் வரை பார்த்துக்கொண்டு போகலாம். சோழன் என்றே வைத்துக்கொண்டேன்.

இதைச் சொன்னபோதுதான் அம்மா, "மாயவரத்தில் இறங்கிய பிறகு?" என்றாள். பஸ் என்றேன். "பஸ்ஸா!" என்றாள். அவளுக்கு மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு இன்னும் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1926-இல் போட்ட பாதை, 1986-இல் நிறுத்திவிட்டார்கள். அது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தாள். தில்லையாடியில் வண்டி நிற்கும்போதே பொறையாறு ஆட்கள் எழுந்து கதவருகே நின்றுவிடுவார்களாம். "பொறையாறு வந்துவிட்டால் இறங்கவேண்டியதுதான்."

பொறையாறு என்று அவளேதான் சொன்னாள், நான் வாயே திறக்கவில்லை.

நவம்பர் 10

தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயில் பற்றியே நினைப்பு. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், எழுநூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலையைத் தடுக்கப் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். இந்த மழையில் அலை எவ்வளவு தூரம் ஏறும்? நாங்கள் போவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? இத்தனை வருடம் நின்றது பத்து நாளில் விழாது என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும் படம் படமாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தேதி போட்ட படம் ஒன்றுகூட இல்லை. இப்போது எப்படி இருக்கிறது என்று எவரும் எழுதுவதில்லை, "மனதைக் கொள்ளை கொண்டது" என்று மட்டும் எழுதுகிறார்கள்.

2004-க்குப் பிறகு அம்மா கடல் பக்கம் வந்ததில்லை. மெரினாவுக்குக்கூட.

நவம்பர் 12

மழை. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. நாகப்பட்டினம், காரைக்கால் துறைமுகங்களில் 1-ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு. தொலைக்காட்சிக்காரர் தன் சொந்த வீட்டுக் கல்யாணத்தைச் சொல்வது போலச் சிரித்த முகத்தோடு சொல்கிறார்.

நவம்பர் 13

வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகம் கிடையாது. அதுவும் நல்லதுதான். வெள்ளி மதியம் போய்ச் சேர்வோம், சாயங்காலம் பொறையாறு. சனி முழுக்கத் தரங்கம்பாடி. நகர வாயில், ராஜ வீதி, புதிய எருசலேம் தேவாலயம், கோட்டை, முடிந்தால் கோயில். ஞாயிறு திரும்பல். மயிலாடுதுறையில் நகரப் பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. இரண்டு பேருக்கும் மிச்சமாகிற காசில் மாயவரத்தில் காபி குடிக்கலாம்.

நவம்பர் 15

தம்பி பேசினான். "அக்கா, அம்மாவுக்குக் குளிர் உடை வாங்கியாயிற்றா?" வாங்கவில்லை. குடை வாங்கியிருக்கிறேன் என்றேன். அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுச் சாவி, வங்கிக் கணக்கு, கேஸ் இணைப்பு யார் பேரில் மாற்றுவது என்று வரிசையாகக் கேட்டான். அவன் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை, அதுதான் எரிச்சல்.

நவம்பர் 16

போகவே வேண்டாம் என்று தோன்றுகிறது. மழையில் சேற்றில் நடந்து, ஈர நாற்காலியில் உட்கார்ந்து, பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டு வருவதற்கு ஆறாயிரம். புயல் எச்சரிக்கை என்றால் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும், மீனும் கிடைக்காது. அதற்கு இங்கேயே இருக்கலாம்.

நவம்பர் 17

கூண்டை இறக்கிவிட்டார்கள். வெயில்கூட அடிக்கிறது.

நவம்பர் 18

அம்மா ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். நான் போட்ட பட்டியலில் இருப்பது எதுவும் அதில் இல்லை. கடுதாசிப்பட்டறை. பள்ளிக்கூடத்து வேப்பமரம். ஸ்டேஷன் இருந்த இடம். சீகன்பால்கு கல்லறை.

கடைசியதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். நாங்கள் தேவாலயத்துக்குப் போகிற குடும்பம் இல்லை. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் கரையிறங்கியதும், அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்ததும், அதற்கான காகிதத்துக்காகப் பொறையாற்றில் பட்டறை எழுந்ததும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடமாம். 1718-இல் தேவாலயத்தைக் கட்டினார், மறு வருடமே இறந்துபோனார், அந்தத் தேவாலயத்துக்குள்ளேயே அடக்கம். "முப்பத்தாறு வயது. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, அவர் அம்மா அங்கே என்ன செய்தாளோ" என்றாள். அவர் சின்னப் பையனாக இருக்கும்போதே அம்மா போய்விட்டாள் என்று நான் எங்கோ படித்திருந்தேன். சொல்லவில்லை.

பிறகு வெகுநேரம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 19, புதன்

விசா வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு. தம்பி ஜனவரி டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இன்று ஒன்றும் சமைக்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

தட்கல். ஸ்லீப்பருக்கும் இருக்கைக்கும் பதினொரு மணிக்குத்தான் திறக்கிறது. பத்தே முக்காலுக்கே உட்கார்ந்துவிட்டேன். பெயர், வயது, ஆண் பெண் எல்லாம் முன்பே நிரப்பி வைத்திருந்தும் பணம் கட்டுகிற இடத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கிடைத்துவிட்டது, இரண்டும் ஒரே பெட்டி, ஒன்று ஜன்னலோரம். உறுதியான தட்கலை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. ஆகவே இனி மழை பெய்தாலும் போவோம், கூண்டு ஏற்றினாலும் போவோம். திரும்பும்போது காரைக்காலிலிருந்து வருகிற சென்னை பஸ்தான், ரயிலில் இடமில்லை.

அறை மட்டும்தான் பாக்கி. பொறையாற்றில் கேட்ட இரண்டு இடத்திலும் தொலைபேசியை எடுக்கவில்லை. மூன்றாவதாக ஒருவர் எடுத்து, மாடியில் ஒழுகுகிறது, கீழே ஆள் இருக்கிறார் என்றார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"திருக்கடையூரிலேயே போடு. அங்கேதான் மலிவு என்றாயே."

அவள் முகத்தைப் பார்த்தேன். குடையை விரித்துக் கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முன்பணம் எழுநூறு அனுப்பியாயிற்று. ஞாயிறு காலை எட்டு மணிக்குள் காலி செய்துவிட வேண்டுமாம், கல்யாணக் கோஷ்டி ஒன்று மொத்த மாடியையும் எடுத்திருக்கிறது. வெந்நீர் வாளிக்குத் தனிக் காசு.