பட்டியலிலும் இல்லை, பதிலும் இல்லை

2023 ஆகஸ்டு 12-ஆம் தேதி மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தல். மொத்தம் 40 தொகுதிகள். எங்கள் கிளையிலிருந்து என் பெயரையும் மேலே அனுப்பியிருந்தார்கள். வேட்பாளர் பட்டியல் வெளியானபோது அதில் நான் இல்லை. அதே சமயத்தில்தான் என் சிறுகதைத் தொகுப்பின் கைப்பிரதியும் ஒரு பதிப்பாளரிடம் கிடந்தது. போடுகிறோம், போடவில்லை என்று ஒரு வரிகூட அங்கிருந்து வரவில்லை. இரண்டையும் சேர்த்துத் தாங்கிய அனுபவத்தை எழுதி வைக்கிறேன். இதே நிலையில் இருப்பவர் யாருக்காவது உதவலாம்.

சீட்டு கிடைக்காவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். வீடு தேடி வந்து "அடுத்த தடவை பாத்துக்கலாம்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அது பெரிய ஆறுதல்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். சிலர், கவுன்சிலர் பதவியாவது தருவார்கள் என்றார்கள். நம் நாட்டில் ஊராட்சி மன்றத் தேர்தலை 1965-இல் நிறுத்தியதிலிருந்து கவுன்சிலர்கள் எல்லாரும் நியமனம்தான். அதுவும் ஒரு பட்டியல், அதற்கும் ஒரு காத்திருப்பு. என் பெயரை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சுயேச்சையாக நில்லுங்கள் என்று தூண்டியவர்களும் உண்டு. சட்டமன்றத் தொகுதிக்கு வைப்புத்தொகை 5,000 ரிங்கிட். பதாகை, கொடி கட்டுவதற்கென்று தனியாக 3,000. பதிவான ஓட்டில் எட்டில் ஒரு பங்கு வாங்காவிட்டால் அந்த 5,000 போனது போனதுதான். ஜூலை 29 வேட்புமனுத் தாக்கல். பணத்தை எப்படியாவது புரட்டியிருக்கலாம், கோபமும் நிறைய இருந்தது. ஆனால் வீடு வீடாகப் போய் என்ன சொல்லி ஓட்டுக் கேட்பது? என்னைக் கழற்றிவிட்டார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம். மழை பெய்தால் கூடத்துக்குள் தண்ணீர் ஏறும் வீட்டுக்காரருக்கு அதில் என்ன இருக்கிறது?

கடைசியில், சீட்டு கிடைத்தவருக்கே வாக்கு எண்ணும் முகவராகப் போய் உட்கார்ந்தேன். மனைவிக்கு அதில் விருப்பமில்லை. ஒரு பள்ளி வகுப்பறையில்தான் எண்ணினார்கள். அதிகாரி ஒவ்வொரு வாக்குச்சீட்டாகப் பிரித்துத் தூக்கிக் காட்டினார். ஒரு சீட்டில் கோடு கட்டத்தை விட்டு வெளியே ஓடியிருந்தது. செல்லுமா செல்லாதா என்று நாங்கள் முகவர்கள் எட்டிப் பார்த்தோம், ஒருவர் ஆட்சேபித்தார், அதிகாரி விளக்கம் சொன்னார். முடிவில், எண்ணிக்கை விவரத்தைப் பதியும் 14-ஆம் பாரத்தில் செல்லாத ஓட்டின் எண்ணிக்கையையும் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். தள்ளுபடியான ஒரு வாக்குச்சீட்டுக்குக்கூட இங்கே காரணம் சொல்கிறார்களே, நான் ஏன் இன்னும் யாரிடமும் கேட்காமல் இருக்கிறேன் என்று அப்போதுதான் தோன்றியது.

தேர்தல் சூடு அடங்கியதும் கட்சியில் மூத்தவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். சண்டை போட வரவில்லை, காரணம் மட்டும் தெரிந்தால் போதும் ஐயா என்றேன். கொஞ்ச நேரம் தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "தம்பி, உன் பேர வேணாம்னு யாரும் சொல்லல. ஆனா இவர்தான் வேணும்னு பேசறதுக்கு அந்த ரூம்ல ஆளு இல்ல."

கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் அன்று இரவு தூங்கினேன். அதற்கு முன்பெல்லாம் யார் குழி பறித்தது என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். கூடவே வேலை செய்த நண்பர்களைக்கூட மனசுக்குள் குற்றவாளி ஆக்கிவிட்டேன். காரணம் தெரியாத வரைக்கும் அரசியலில் மற்றவர்கள்மேல் சந்தேகம் வருகிறது. எழுத்தில் அந்தச் சந்தேகம் நம்மேலேயே திரும்புகிறது. எனக்கு எழுதவே தெரியாதோ என்று பழைய கதைகளைத் திறக்கவே பயந்தேன். கதை திரும்பி வந்ததற்கு யாரும் வீடு தேடி வந்து ஆறுதல் சொல்வதில்லை. அது நடந்தது வேறு யாருக்கும் தெரியவே தெரியாது. இரண்டில் எது கொடுமை என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பதிப்பாளருக்கும் எழுதினேன். போடச் சொல்லிக் கேட்கவில்லை, எந்த இடத்தில் சரிவரவில்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டேன். பதில் வந்தது. பாதிக் கதைகளில் பாத்திரங்கள் பேசவில்லை, மேடையில் ஒருவர் பேசுகிறார் என்று எழுதியிருந்தார்கள். சில கதைகளுக்கு அது உண்மை, அவற்றைத் திருத்தினேன். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு பதிவு இலாகாவுக்கு நடையாய் நடக்கும் பாட்டியின் கதையை மட்டும் ஒரு வரி மாற்றவில்லை. அந்தப் பாட்டி நிஜத்திலும் அப்படித்தான் உரக்கப் பேசுவார். அவருக்காக நானே பாரங்கள் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், இன்னமும் கூடப் போகிறேன். வேட்பாளராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வேலை இருந்துகொண்டே இருக்கிறது.

மலேசியாவில் தமிழில் எழுதுபவர்களில் பலர் சொந்தக் காசில்தான் நூல் போடுகிறோம். நானும் அப்படியே போட்டேன். கோலாலம்பூர் தேசிய நூலகத்தில் ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண்ணுக்குக் கட்டணம் இல்லை. அச்சானதும் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். வெளியீட்டு விழாவுக்குப் பிரமுகரைக் கூப்பிட்டு முதல் நூலைப் பெரிய தொகை கொடுத்து வாங்க வைத்தால் அச்சுக்கூலியில் ஒரு பங்கு வந்துவிடும். அது தெரிந்தும் நான் கூப்பிடவில்லை. சீட்டுக்காகக் காத்திருந்த வாசல்களில் நூலுக்காகவும் போய் நிற்க மனசு வரவில்லை. அதனால் போட்ட பணம் மெதுவாகத்தான் திரும்புகிறது.

இரண்டாவது கைப்பிரதி இப்போது வேறொரு பதிப்பாளரிடம் இருக்கிறது. மூன்று மாதத்தில் பதில் வராவிட்டால் நானே அழைத்துக் கேட்பேன் என்று கூடவைத்த கடிதத்தில் எழுதியிருந்தேன். சரி, கேளுங்கள் என்று அவரும் பதில் போட்டிருக்கிறார்.