கிங்பின் நட்டும் கால் சுற்றும்: ஸ்கேட்போர்டு ட்ரக்குகளோடு ஏழு மாதங்கள்

சென்ற அக்டோபரில் என் பலகையில் ஒரு நடுக்கம் தொடங்கியது. மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. கிண்ணம்போலக் குழிந்த சிமென்ட் பவுலின் சரிவில் இறங்கி வேகம் பிடித்ததும் முன்பக்கம் இடவலமாகத் துடிக்கும். அந்தத் துடிப்பு வந்தபோதெல்லாம் ட்ரக்கின் நடு நட்டைக் கொஞ்சம் இறுக்கிவிட்டேன். ஒரு வாரம் நன்றாக இருக்கும், மறு வாரம் திரும்ப வரும், மறுபடியும் இறுக்குவேன். நவம்பர் மழையில் வெளியே போக முடியாமல் இருந்த நாள்களில்தான் ட்ரக்கை முழுவதுமாகக் கழற்றிப் பார்க்கும் பொறுமை வந்தது. அன்றிலிருந்து இந்த மே மாதம் வரை என் பலகை, அண்ணன் மகனின் பலகை, கடற்கரைச் சாலைக்கென்று வைத்திருக்கும் நீளப் பலகை ஆகிய மூன்றிலும் மாற்றிப் பார்த்ததையும் கெடுத்துச் சரிசெய்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ட்ரக் என்பது பலகைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் உலோகப் பாகம். பலகையோடு நான்கு போல்ட்டுகளால் இணைந்திருப்பது அடித்தட்டு. அச்சைத் தன்னுள் கொண்டு சக்கரங்களைத் தாங்குவது ஹேங்கர். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது கிங்பின் என்னும் தடித்த போல்ட். அந்தப் போல்ட்டைச் சுற்றி ஹேங்கருக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக யூரித்தேன் புஷ்கள் இருக்கின்றன. ஹேங்கரின் மறுமுனை ஒரு மூக்குபோல நீண்டு, அடித்தட்டில் உள்ள பிவட் கப் என்னும் சிறு குழியில் அமர்கிறது. நாம் பலகையை ஒரு பக்கம் சாய்த்தால், புஷ்கள் ஒரு பக்கமாக நசுங்கி, ஹேங்கர் அந்த மூக்கை மையமாக வைத்துத் திரும்புகிறது. காலின் அழுத்தம் குறைந்ததும் நசுங்கிய புஷ் விரிந்து பலகையை மறுபடி நடுநிலைக்குக் கொண்டுவருகிறது. வண்டியில் ஸ்டியரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியாகச் செய்யும் வேலை இங்கே கட்டைவிரல் பருமனுள்ள இரண்டு புஷ்களின் மேல் விழுகிறது. இதை விளங்கிக்கொண்ட பிறகு நட்டை இறுக்குவதை மட்டுமே வைத்தியமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் கண்ணில் பட்டது புஷ் அல்ல, அகலம். என் பலகை 8.5 அங்குலம், அதன் கீழே இருந்தவையோ இண்டிபெண்டன்ட் 139 ட்ரக்குகள். 1978-இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் எண் முறையில் 139 என்றால் அச்சின் முழு நீளம் 8 அங்குலம், 144 என்றால் 8.25, 149 என்றால் 8.5. அதாவது என் பலகை ஒவ்வொரு பக்கமும் அச்சைத் தாண்டிக் கால் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கால் அங்குலம் என்பது கேட்பதற்கு அற்பமாகத்தான் தோன்றும். ஆனால் குதிகால் நிற்பது பலகையின் விளிம்பில்; அச்சுக்கு வெளியே நிற்கும் கால், நெம்புகோலின் நீண்ட முனையை மிதிப்பதுபோலப் பலகையை எளிதில் சாய்த்துவிடுகிறது. பலகையின் அகலமும் அச்சின் நீளமும் ஒத்திருக்க வேண்டும், வித்தியாசம் இருந்தாலும் கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்று பழகியவர்கள் சொல்வதன் காரணம் இதுதான். எனக்கு இருந்தது மொத்தத்தில் அரை அங்குல வித்தியாசம். 149 வாங்கி மாட்டினேன். பழைய 139 வீணாகவில்லை. அண்ணன் மகனின் 8 அங்குலப் பலகைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

நிற்கும்போது இருந்த தள்ளாட்டம் இதனால் குறைந்தது. வேகத்தில் வரும் நடுக்கம் மட்டும் போகவில்லை. புது ட்ரக்கிலும் அதே பழக்கத்தில் நட்டை இறுக்கத் தொடங்கியபோதுதான், பழைய ட்ரக்கின் முன்புறப் புஷ்ஷை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். கீழ்ப்புஷ்ஷின் விளிம்பு வாஷருக்கு வெளியே ஒரு உதடுபோலப் பிதுங்கியிருந்தது. விரலால் வளைத்ததும் பாதிச் சுற்றளவுக்கு ஒரு பிளவு வாய் திறந்தது. உள்துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் நீண்டிருந்தது. நடந்தது என்னவென்று அப்போது விளங்கியது. புஷ்ஷின் கடினத்தன்மை என் எடைக்குப் போதவில்லை. அதனால் நடுக்கம் வந்தது. நான் நட்டை இறுக்கினேன். அளவுக்கு மேல் நசுங்கிய புஷ் பிளந்தது. பிளந்த புஷ்ஷுக்கு மீளும் வலு குறைந்ததால் நடுக்கம் கூடியது. நான் இன்னும் இறுக்கினேன்.

புஷ்ஷின் கடினத்தன்மையை 78A, 90A, 96A என்று எண்ணும் எழுத்துமாகக் குறிக்கிறார்கள். எண் கூடக் கூடக் கடினம் கூடும். இந்த ட்ரக்குகளோடு வந்தவை 90A. என் எடை 79 கிலோ. 94A புஷ்களை வாங்கி முன்னும் பின்னும் மாட்டி, நட்டைக் கிங்பினின் முனையோடு சமமாக நிற்கும் அளவுக்கு மட்டும் திருகினேன். முதல் இரண்டு நாள் மரக்கட்டைபோல விறைத்திருந்தது. புதுப் புஷ் பழகுவதற்குச் சில மணி நேர ஓட்டம் தேவைப்படுகிறது. அதற்குள் முடிவு கட்டி நட்டில் கைவைக்கக் கூடாது என்பதை இப்போது உறுதியாகச் சொல்வேன். நான்காம் நாள் பவுலின் சரிவில் இறங்கியபோது பலகை நேராக, அமைதியாகப் போனது. அதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது, மேல் வளைவில் திரும்பும்போது பழைய இறுக்கம் இல்லாமல் பலகை காலுக்குக் கீழ்ப்படிந்ததுதான். இறுக்கிய மென்புஷ் முதலில் அசையாது, பிறகு திடீரென்று சரியும். தளர்வாக விட்ட வன்புஷ் தொடக்கத்திலிருந்தே சீராக எதிர்த்துக்கொண்டு சாயும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் காலுக்கு வேறு வேறு.

இதன் மறுபக்கத்தைக் காட்டியவன் அண்ணன் மகன். பன்னிரண்டு வயது, 34 கிலோ. பழைய 139 ட்ரக்குகளை அவனுக்கு மாட்டியபோது, பிளந்த புஷ்ஷை எறிந்துவிட்டுப் புதிய 90A போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் ஓட்டிவிட்டு, "சித்தப்பா, இது என்னைத் திரும்பவே விட மாட்டேங்குது" என்றான். நான் நட்டைத் தளர்த்தினேன். போதவில்லை. இன்னும் தளர்த்தியபோது நட்டின் உள்ளே உள்ள நைலான் வளையம் மரையைப் பிடிக்காத நிலை வந்துவிட்டது. அப்படி விட்டால் ஓடிக்கொண்டிருக்கும்போதே நட்டு கழன்று ஹேங்கர் தனியே வந்துவிடும். ஆகவே அவனுக்கு 81A வாங்கினேன். அன்று மாலையே எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் தூண்களைச் சுற்றி வளைந்து வளைந்து ஓட்டினான். ஒரே ட்ரக், இரண்டு எடைகள். எனக்குப் போதாத புஷ் அவனுக்குக் கல்லாக இருந்தது. ட்ரக் வாங்கும் செலவில் புஷ் மிகச் சிறிய பங்கே. ஆனால் பலகையின் குணத்தை அதைப்போல மாற்றும் வேறு பாகத்தை நான் இதுவரை காணவில்லை.

அவன் விரும்புவது தெரு ஆட்டம்: பலகையோடு துள்ளி எழும் ஒல்லி, பிறகு விளிம்பில் உரசிப் போகும் கிரைண்ட். மரப்பெட்டி ஒன்று செய்து, அதன் விளிம்பில் எல் ஆங்கிள் இரும்பைத் திருகிக் கொடுத்திருக்கிறேன். இந்த ஆட்டத்துக்கு ட்ரக்கின் உயரம் முக்கியம். தாழ்ந்த ட்ரக்கில் பலகை தரைக்கு அருகில் இருப்பதால் ஒல்லி அடிக்கப் பலகையின் பின்முனையான வால் விரைவில் தரையைத் தொடும், நிற்பதும் எளிது. ஆனால் தாழ்ந்தவற்றில் கிங்பின் நட்டு விளிம்பில் இடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. பெரிய சக்கரமும் போட முடியாது. உயர்ந்த ட்ரக்கில் திருப்பம் ஆழமாகும், 54 மி.மீ.க்கு மேற்பட்ட சக்கரத்துக்கும் இடம் இருக்கும். பவுலில் ஓட்டும் எனக்கு உயர்ந்ததே பொருந்துகிறது. அவனுடையதும் உயர்ந்ததுதான், 52 மி.மீ. சக்கரம் போட்டுச் சமாளிக்கிறோம். புது ஹேங்கர் முதலில் இரும்பில் சரியாக வழுக்காது. உரசி உரசி நடுவில் மழுங்கிய பிறகே தடம் பிடிக்கிறது. அதுவரை ஆங்கிளில் மெழுகுவத்தி தேய்த்துக் கொள்கிறோம்.

மூன்றாவது பலகை கடற்கரைச் சாலைக்கு உரியது. புதுச்சேரியில் அந்தச் சாலையை மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்களுக்கு மூடிவிடுகிறார்கள். அதிகாலையில் பழைய கலங்கரை விளக்கத்தையும் காந்தி சிலையையும் கடந்து போய்வருவது என் வழக்கம். இதற்கு மாட்டியிருப்பது கிங்பின் திசைமாறிய வகை: 180 மி.மீ. ஹேங்கர், 50 பாகை அடித்தட்டு. சாதாரண ட்ரக்கில் இரண்டு கிங்பின்களும் பலகையின் நடுவை நோக்கி இருக்கும். இதில் பலகையின் முன்முனையையும் பின்முனையையும் நோக்கி வெளிப்புறமாக இருக்கும். சாய்வுக்கு ஏற்பத் திருப்பம் படிப்படியாகக் கூடுவதால் நீண்ட வளைவுகளில் இது ஒரு தாலாட்டுபோல இருக்கிறது. இங்கே நான் முன் ட்ரக்கில் 87A, பின் ட்ரக்கில் 90A வைத்திருக்கிறேன். வழிகாட்டுவது முன்பக்கம், வேகத்தில் ஆட்டம் தொடங்குவது பெரும்பாலும் பின்பக்கம். பின்னதைச் சற்றுக் கடினமாக்கி, உடல் எடையை முன்காலில் வைத்தால் நடுக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

அந்தச் சாலையின் விலை உப்புக் காற்று. இரண்டே வாரத்தில் அச்சு முனைகளில் செந்நிறத் துரு பூத்தது. இப்போது ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, அச்சின் மரையில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுகிறேன். புஷ்ஷின் மேல் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்கிறேன். துரு பிடித்த நட்டை வலிந்து திருகியதில்தான் சக்கர நட்டு ஒன்று கெட்டது. தெருமுனை ஹார்டுவேர் கடையில் அளவு கேட்டார்கள். அச்சு 8 மி.மீ. என்பது தெரிந்ததால் எம்8 நட்டு என்றேன். வீட்டில் மாட்டியபோது முதல் சுற்று போனது, இரண்டாம் சுற்றில் இறுகியது. துரு என்று நினைத்து ஸ்பேனரை அழுத்தினேன். கழற்றியபோது நட்டோடு வெள்ளிச் சுருள்போல மரையின் சீவல் வந்தது. ட்ரக் அச்சின் மரை 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. குறுக்களவில் எம்8-க்கு ஏறக்குறைய சமம் என்றாலும் மரையின் இடைவெளி வேறு. லேத் பட்டறையில் மரை வெட்டும் அங்குல அளவு டை இருந்ததால் அச்சு பிழைத்தது; முனையிலிருந்து மூன்று சுற்று மட்டும் ஆழமில்லாமல் நிற்கிறது.

ஸ்பேனரிலும் இதே கதைதான். சக்கர நட்டுக்கு 1/2 அங்குலம், கிங்பினுக்கு 9/16, பலகைப் போல்ட்டுக்கு 3/8. நம் வீடுகளில் இருக்கும் மில்லிமீட்டர் செட்டில் 13-உம் 10-உம் ஓரளவு ஒத்துப்போகும். 9/16-க்கு 14 நுழையாது. 15 தளர்வாக நின்று நட்டின் முனைகளை உருட்டிவிடும். மூன்று அளவும் சேர்ந்த ஸ்கேட் டூல் ஒன்றை வாங்கிவிடுவதே நல்லது. சக்கர நட்டை இறுக முடுக்கவும் கூடாது. சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் மயிரிழை அளவு பக்கவாட்டில் நகர வேண்டும். இல்லையென்றால் பேரிங் நசுங்கும்.

பிப்ரவரியில் என் பலகையின் அடியில் சக்கரத்துக்கு நேர் மேலே பளபளவென்று ஒரு தேய்மானம் தெரிந்தது. ஆழ்ந்து திரும்பும்போது சக்கரம் பலகையைக் கடிக்கிறது என்பதற்கு அடையாளம் அது. வேகத்தில் கடித்தால் பலகை நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம். ட்ரக்குக்கும் பலகைக்கும் நடுவில் பலகையைச் சற்று உயர்த்தும் 1/8 அங்குல ரைசர் தட்டு வைத்தேன். ஒரு அங்குலப் போல்ட்டின் முனை நட்டின் நைலான் வளையத்தைத் தாண்டி வராததால் 1¼ அங்குலப் போல்ட்டுக்கு மாற வேண்டியிருந்தது.

மார்ச்சில் அண்ணன் மகனின் பின் ட்ரக்கில் ஒரு சக்கரம் ஆடியது, எதிர்ச் சக்கரம் இறுகியது. இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றித் திருகியும் சரியாகவில்லை. அளந்தால் அச்சே ஹேங்கருக்குள் இரண்டு மி.மீ. ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. நீட்டிய முனையில் நட்டைச் சமமாகத் திருகி வைத்து, மேலே மரத்துண்டு ஒன்றைக் கொடுத்துச் சுத்தியலால் தட்டியதில் உள்ளே போனது. இதுவரை திரும்ப நகரவில்லை.

திரும்பும்போதெல்லாம் எழும் கீச்சொலிக்குப் புஷ்ஷைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். அது பிவட் கப்பிலிருந்து வந்தது. ஹேங்கரைக் கழற்றி, கப்பைத் துடைத்து, சலவை சோப்பைச் சீவி உள்ளே தூவியதும் நின்றது.

இப்போது மூன்று பலகைகளிலும் கிங்பின் நட்டின் ஒரு முகத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். மாற்றம் வேண்டுமென்றால் கால் சுற்று மட்டும் திருப்பி, தேதியைக் குறிப்பேட்டில் எழுதி, குறைந்தது மூன்று நாள் ஓட்டிய பிறகே அடுத்த கால் சுற்று. சென்ற ஞாயிற்றுக்கிழமை குறிப்பேட்டைத் திறந்தால், அண்ணன் மகனின் கோணல் கையெழுத்தில் "முன் ட்ரக், கால் சுற்று லூஸ், நல்லா இருக்கு" என்று எழுதியிருந்தது. அவன் பலகையின் பிவட் கப்கள் இரண்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டன. புதியவற்றுக்குச் சொல்லியிருக்கிறேன், அக்டோபர் மழைக்கு முன் மாட்டிவிட வேண்டும்.