பிக்கப் ஸ்க்ரூ சும்மா சுற்றினால் பிக்கப்பை மாற்றாதீர்கள்

பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) தொங்குகிறது என்று யாராவது எலெக்ட்ரிக் கிடாரைக் கொண்டுவந்தால், எந்த ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். ஹம்பக்கர் பிக்கப் (இரண்டு காயில், அதாவது இரண்டு கம்பிச் சுருள் கொண்டது) என்றால் சுற்றிலும் பெரும்பாலும் ஆறு ஸ்க்ரூ இருக்கும். மூலைகளில் உள்ள நான்கும் பிக்கப்பைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் ரிங்கை மரத்தோடு பிடிக்கின்றன. இரு பக்கமும் நடுவில் உள்ள நீளமான இரண்டும் பிக்கப்பின் உயரத்தை ஏற்றி இறக்க. இந்த இரண்டும் மரத்தில் ஏறுவதே இல்லை. பிக்கப்பின் அடித்தகட்டிலிருந்து மடங்கி நிற்கும் கால்களில் ஏறுகின்றன. மரத்தில் பெரிதாகிவிட்ட ஓட்டைக்கு ஒரு வைத்தியம், தகட்டில் போன மரைக்கு வேறு வைத்தியம். இதைப் பிரித்துப் பார்க்காததால் நல்ல பிக்கப்புகள் குப்பைக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

சமீபத்தில் சர்ச்சில் வாசிக்கும் ஒரு கல்லூரிப் பையன் லெஸ் பால் வடிவ கிடார் ஒன்றைக் கொண்டுவந்தான். பிரிட்ஜ் பிக்கப் ஒரு பக்கம் உள்ளே இறங்கிவிட்டது. மெல்லிய கம்பிகளின் சத்தமே எழும்பவில்லை. “அண்ணா, கடையில செட்டாவே மாத்தணும்னு சொல்லிட்டாங்க” என்றான். மீட்டர் வைத்துப் பார்த்தேன், காயில் இரண்டும் நன்றாக இருந்தன. கெட்டது ஒரே ஒரு காலில் உள்ள மரை மட்டும்.

இது ஏன் இவ்வளவு எளிதாகப் போகிறது? அந்தக் காலின் தடிமன் சுமார் ஒரு மில்லிமீட்டர். எம் 2.5 (2.5 மி.மீ. விட்டம்) ஸ்க்ரூவின் மரை இடைவெளி 0.45 மி.மீ. ஆக, ஸ்க்ரூவைப் பிடித்து நிற்பது இரண்டே சுற்று மரை. அதுவும் பித்தளை, ஜெர்மன் சில்வர் போன்ற மிருதுவான உலோகத்தில். இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஆசிய நாடுகளில் செய்யும் பிக்கப்புகளில் பெரும்பாலும் எம் 2.5 ஸ்க்ரூ, அமெரிக்கப் பிக்கப்புகளில் 3-48, அதாவது அங்குலத்துக்கு 48 மரை. இரண்டுமே சுமார் 2.5 மி.மீ. விட்டம்தான், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூடக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் 3-48இன் மரை இடைவெளி 0.53 மி.மீ. ஒன்றின் துளையில் மற்றதை ஏற்றினால் முதல் சுற்று போகும், அப்புறம் இறுகும். அங்கே கையை எடுத்துவிட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை அழுத்தி இன்னும் அரைச் சுற்று சுற்றினால் இருக்கிற இரண்டு மரையும் வழித்துக்கொண்டு போய்விடும். பையனின் கிடாரில் நடந்ததும் இதுதான். ஒரு பக்கம் பழைய ஸ்க்ரூ, மறுபக்கம் யாரோ புதிதாகப் போட்ட பளபளப்பான ஸ்க்ரூ.

எனக்குப் பிடித்த தீர்வு, காலின் அடியில் ஒரு நட்டு. இது ஏன் நிற்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஸ்க்ரூவின் தலை மேலே ரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ரிங்குக்கும் காலுக்கும் நடுவில் ஸ்ப்ரிங். ஸ்ப்ரிங் காலைக் கீழே தள்ளுகிறது, ஸ்க்ரூ அதை மேலே தாங்குகிறது. நட்டைக் காலின் அடிப்பக்கம் வைத்தால் ஸ்ப்ரிங்கின் விசையே காலை நட்டின் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பசைக்குப் பாரம் தாங்கும் வேலையே இல்லை. ஸ்க்ரூவைத் திருப்பும்போது நட்டு கூடவே சுற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அதனால் சால்டரிங் வேண்டாம், அரால்டைட் (எபாக்சி பசை) போதும். பல பிக்கப்புகளின் காயிலில் மெழுகு ஊறியிருக்கும், அது 65 டிகிரி வாக்கில் உருகிவிடும். காலில் வைத்த சூடு தகடு வழியாக உள்ளே போகும், வீண் அபாயம். காலின் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் எண்ணெய்ப் பசையைத் துடைக்க வேண்டும். ஸ்க்ரூவின் மரையில் மெழுகுவர்த்தியை நன்றாகத் தேய்த்துக்கொண்டு, காலின் வழியே விட்டு, அடியில் நட்டைப் பூட்ட வேண்டும். நட்டின் ஓரங்களில் மட்டும் குண்டூசி முனையால் பசை. மரைக்குள் போகக் கூடாது. மறுநாள் வரை தொடாதீர்கள். எம் 2.5 நட்டு 5 மி.மீ. அகலம், 2 மி.மீ. உயரம், மரத்தில் காலுக்காகக் குடைந்த பள்ளத்தில் பொதுவாக அடங்கிவிடும். பக்கச் சுவர் இடித்தால் நட்டின் ஒரு மூலையை அரத்தால் ராவிவிடலாம்.

அடியில் இடமே இல்லையென்றால் எம் 3க்குப் போக வேண்டியதுதான். எம் 3 மரைக்கு வேண்டிய துளை 2.5 மி.மீ. மரை முழுக்க வழிந்துபோன ஓட்டை ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும், ட்ரில் பெரும்பாலும் தேவைப்படாது. கோவையில் இருப்பதால் எம் 3 டேப் (துளையில் மரை வெட்டும் கருவி) வாங்க எனக்கு ரொம்ப அலைய வேண்டியதில்லை. காலைக் குறடால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று மரையைக் கையாலேயே போடுங்கள். அதற்கு முன் பிக்கப் முழுவதையும் மாஸ்கிங் டேப்பால் சுற்றுங்கள். இதை மட்டும் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். காயில் கம்பி சுமார் 0.06 மி.மீ. தடிமன், தலைமுடி அளவு. மரை வெட்டும் டேப் வழுக்கி ஒரு தடவை உரசினால் கதை முடிந்தது. அடித்தகடு இரும்பு என்றால் அதன் பொடி காந்தத்தில் ஒட்டிக்கொண்டு லேசில் வராது. ரிங்கில் உள்ள ஓட்டையையும் 3.2 மி.மீ.க்குப் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

ரிங் ஸ்க்ரூ பிடிக்காதது மரத்தின் கதை. இங்கே பெரிய ஸ்க்ரூ போடச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அந்த ஓட்டைக்கும் பிக்கப் பள்ளத்துக்கும் நடுவில் மெல்லிய மரச்சுவர்தான் இருக்கிறது. தடித்த ஸ்க்ரூ அதைப் பிளந்துவிடும். தீக்குச்சியும் வேண்டாம், அந்த மரம் ரொம்ப மிருதுவானது. மூங்கில் பல்குச்சி அல்லது தேக்குச் சிம்பு, கூடவே ஃபெவிகால். ஓட்டை நிறைய இறுக்கமாகச் சொருகி, ஓர் இரவு காயவிட்டு, பிளேடால் மட்டமாக வெட்டி, நடுவில் 1.5 மி.மீ. துளை போட்டு, ஸ்க்ரூவில் மெழுகு தடவி ஏற்றினால் வருஷக்கணக்கில் நிற்கும்.

சோப்பார் பி-90, ஜாஸ் பேஸ் ஆகிய பிக்கப் வகைகளில் ஸ்க்ரூ பிக்கப்பைத் துளைத்துக்கொண்டு நேரே மரத்தில் இறங்கும். அங்கேயும் இதே வைத்தியம்தான், ஆனால் துளை போடும் முன் ட்ரில் பிட்டில் ஆழத்துக்கு அடையாளமாக மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். பள்ளத்துக்குக் கீழே மிச்சமிருக்கும் மரம் நினைப்பதைவிடக் குறைவு. ஸ்ட்ராட் வகை சிங்கிள் காயிலில் (ஒரே காயில் உள்ள பிக்கப்பில்) மரை ஃபைபர் அட்டையில் இருக்கும். தண்ணீர் போன்ற சூப்பர் க்ளூவை ஊசி முனையால் ஓட்டையின் சுவரில் மட்டும் தடவி, முழுக்கக் காயவிட்டு, ஸ்க்ரூவை மெதுவாக ஏற்றினால் அதுவே புது மரை வெட்டிக்கொள்ளும்.

பையனுக்கு நட்டுதான் வைத்தேன். கிடாரின் கழுத்தில் உள்ள கடைசி ஃப்ரெட்டில் (உலோகப் பட்டையில்) கம்பியை அழுத்தி, கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையில் 1.6 மி.மீ. வரும்வரை இரண்டு பக்கமும் ஏற்றி, வாசித்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு ஸ்க்ரூவும் இப்போது எம் 2.5. அந்தப் பளபளப்பான ஸ்க்ரூவைத் திரும்ப எடுத்துப் போட்டுவிடாதே என்று சொல்லி, நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.