மயக்கத்தில் இருந்தாலும் உடம்பு பதறும்: என் பித்தப்பை ஆபரேஷன்

பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டுச் செய்யும் ஆபரேஷன்) என்று முடிவானதும் ஆளாளுக்குச் சொன்னது "டென்ஷன் ஆகாதே" என்பதுதான். மயக்க மருந்து டாக்டர் மட்டும் வேறு மாதிரி பேசினார். மனசு அமைதியாக இருந்தாலும், முழு மயக்கத்தில் கிடந்தாலும், கத்தி பட்டதும் உடம்பு அட்ரினலின், கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன்களை ஏற்றிவிடும், நாடித்துடிப்பு, பிரஷர், சர்க்கரை எல்லாம் கூடவே ஏறும் என்றார். போதாததற்கு, கேமராவுக்கு இடம் கிடைக்க வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு நிரப்புகிறார்கள், அந்த அழுத்தமும் பிரஷரைத் தூக்கிவிடும். வழக்கமாக இந்த வாயு அழுத்தத்தை 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவில் வைப்பார்களாம், இடம் போதுமென்றால் அதையும் குறைக்கலாம்.

சரி, உடம்பின் இந்தப் பதற்றத்தைக் குறைக்க என்ன வழி என்று கேட்டேன்.

முதலாவது, பட்டினி நேரத்தைக் குறைப்பது. ராத்திரியிலிருந்தே தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடப்பது பழைய பழக்கம். திட உணவை 6 மணி நேரம் முன்பே நிறுத்திவிட்டு, தெளிவான பானத்தை 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம் என்றார், சர்க்கரை சேர்த்த பானம் குடித்தால் ஆபரேஷனுக்குப் பிறகு இன்சுலின் வேலை செய்யாமல் போவது கொஞ்சம் குறையுமாம். (சர்க்கரை நோய் உள்ளவர்கள், இரைப்பை மெதுவாகக் காலியாகிறவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம், உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.) வறண்ட தொண்டையோடு தியேட்டருக்குள் போகாததே எனக்குப் பெரிய நிம்மதி.

மற்றதெல்லாம் அவர்கள் வேலை. குளிர் பிடித்தால் உடம்பு இன்னும் பதறும் என்று சூடான காற்று ஊதும் போர்வை போட்டார்கள். நாடியும் பிரஷரும் எகிறாமலிருக்க டெக்ஸ்மெடெடோமிடின், வாந்திக்கும் வீக்கத்துக்கும் டெக்ஸாமெத்தசோன், துளை போட்ட இடங்களில் மரத்துப்போகும் ஊசி. டெக்ஸ்மெடெடோமிடின் எல்லோருக்கும் சரிப்படாது, நாடி ரொம்பக் குறைந்துவிடவும் கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார், எனக்கு அது பிடித்திருந்தது.

கண் விழித்தபோது வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது! மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை (மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசை) உறுத்துவதால் வரும் வலி, இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், இல்லாவிட்டால் இதயத்தில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பேன். அன்று மாலையே நடக்க வைத்தார்கள். பாராசிட்டமாலை வலி வந்த பிறகு அல்ல, நேரம் பார்த்துத் தந்தார்கள். வலி ஏறிய பிறகு அடக்குவதுதான் கஷ்டம், அப்புறம் அந்த வலியே பிரஷரை மறுபடி ஏற்றிவிடும்.

மறுநாள் காலை சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது. டெக்ஸாமெத்தசோன் அப்படிச் செய்யும் என்று தெரிந்திருந்ததால் நான் அலட்டிக்கொள்ளவில்லை. தையலைக் காட்டப் போனபோது பார்த்தார்கள், பழைய அளவுக்கு வந்துவிட்டது.